எம்.பி.ஏ. படிக்கலாமா? கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். அங்கே பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்யும் மேற்பார்வையாளர் ஒருவர். வயது 36. எஸ்.பி.எம். முடித்து, டிப்ளோமாவும் வாங்கி, சரக்கு இறக்கும் இடத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். இன்று கொள்கலன் கதவைத் திறந்த மாத்திரத்தில் எதை எங்கே அடுக்க வேண்டும், எத்தனை பேர் தேவை, எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று சொல்லிவிடுவார். கிடங்கு நிர்வாகி பதவி காலியானது. வந்து அமர்ந்தவர் 27 வயதுப் பட்டதாரி. அந்தப் பட்டதாரிக்கு ஆறு மாதம் வேலை சொல்லிக் கொடுத்தவர் இதே மேற்பார்வையாளர்தான்.

இது ஒருவருடைய கதை அல்ல. கிள்ளான், பிறை, பாசீர் கூடாங் என்று தொழிற்பேட்டை இருக்கும் இடமெல்லாம் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வெளியே வந்த முதல் தலைமுறையின் பிள்ளைகள். வேலை தெரியும், காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தைத் தருகிறோம் என்று சொல்லித்தான் இன்று விளம்பரங்கள் கைப்பேசிக்கே வருகின்றன. 'எம்.பி.ஏ. படியுங்கள். இளங்கலைப் பட்டம் இல்லாதவர்களும் சேரலாம்!'

அன்றிரவு வீட்டில் பேச்சு தொடங்குகிறது.

“ஏங்க, இருபத்து நாலாயிரம் வெள்ளியா? கார் கட்டி முடிக்கவே இன்னும் மூணு வருஷம் இருக்கே?”

“ஒரே நேரத்துல கட்ட வேண்டாம்மா. இ.பி.எப்.ல எடுக்கலாமாம்.”

“எடுத்துட்டு? முடிச்சா மேனேஜர் வேலை தருவாங்களா?”

கணவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலை அவர் இன்னும் அலுவலகத்தில் கேட்கவே இல்லை. எம்.பி.ஏ. படிக்க விரும்புகிற பலரும் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

எம்.பி.ஏ. என்பது வணிக நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம். மலேசியாவில் இது எட்டுப் படிகள் கொண்ட தேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஏழாவது படியில் இருக்கிறது. எட்டாவது படி முனைவர் பட்டம். இந்தப் படிப்பு அமெரிக்காவில் பிறந்தது. 1900-இல் டார்ட்மத் கல்லூரியின் டக் பள்ளி நிர்வாகத்தை முதுநிலைப் படிப்பாகக் கற்பிக்கத் தொடங்கியது. 1908-இல் ஹார்வர்ட் எம்.பி.ஏ. என்ற பெயரிலேயே வகுப்பைத் தொடங்கியது. ரயில்வேயும் எஃகு ஆலைகளும் பெருத்து, முதலாளி ஒருவரே எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து நடத்த முடியாமல் போன காலம் அது. சம்பளத்திற்கு நிர்வகிக்கும் ஒரு கூட்டம் தேவைப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் லண்டனில் பதிவான கம்பெனிகளுக்காக இங்கே ரப்பர் தோட்டங்கள் காடழித்துக் கிளம்பின. துரை, கிராணி, கங்காணி, கடைசியில் பால்மரம் வெட்டும் தொழிலாளி என்ற வரிசையை நம் பாட்டன்மார் எந்தப் புத்தகமும் இல்லாமலே அறிந்திருந்தார்கள். துரையின் நாற்காலி அன்று வெள்ளைக்காரருக்கு.

அந்த ஹார்வர்டிலேயே 1964-இல் எம்.பி.ஏ. முடித்தவர் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த ஆனந்தகிருஷ்ணன். விவேகானந்தா தமிழ்ப்பள்ளி, விக்டோரியா கல்விக்கூடம், மெல்பர்ன் பல்கலைக்கழகம், பிறகு ஹார்வர்ட். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது, மெக்சிஸ், ஆஸ்ட்ரோ என்ற பெயர்களோடு இந்தப் பட்டத்தையும் சேர்த்தே பலரும் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் அவரைக் காட்டி யாராவது எம்.பி.ஏ. விற்க வந்தால் சற்று நிதானிக்க வேண்டும். எம்.பி.ஏ. இல்லாமலே பெரிய தொழில் நடத்துகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பட்டம் அவரைச் செய்ததா, அவர் பட்டத்திற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தாரா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

சரி, வகுப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கணக்கியல், நிதி, சந்தைப்படுத்துதல், மனிதவளம், பொருளாதாரம், செயல்முறை நிர்வாகம், வியூகம் ஆகியவை எங்கும் இருக்கும். கடைசியில் ஓர் ஆய்வுத் திட்டம். பெயர்களைக் கேட்டால் பெரிதாகத் தெரியும். உள்ளே இருப்பதில் பாதி, தொழில் செய்கிறவருக்குப் பட்டறிவாகத் தெரிந்ததே.

லாரி வைத்திருப்பவர் ஒருவரைப் பாருங்கள். மாதம் 60,000 வெள்ளிக்கு பில் போடுகிறார். டீசல், ஓட்டுநர் சம்பளம், லாரித் தவணை, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்துச் செலவு 51,000. மாதம் 9,000 வெள்ளி லாபம். நல்ல தொழில்தானே? ஆனால் சரக்குக் கொடுத்த கம்பெனி பணத்தைத் தொண்ணூறு நாள் கழித்தே தருகிறது. டீசல் பம்பிலோ உடனே காசு வைக்க வேண்டும். முதல் காசோலை வருவதற்குள் மூன்று மாதச் செலவு, அதாவது 153,000 வெள்ளி, அவருடைய கையிலிருந்து போயிருக்கும். ஏட்டில் 27,000 வெள்ளி லாபம் உட்கார்ந்திருக்கும், சம்பள நாளில் வங்கியில் காசு இருக்காது. இன்னும் இரண்டு ஒப்பந்தம் கிடைத்தால் நிலைமை சீராகும் என்று அவர் நினைத்தால், நெருக்கடி இரட்டிப்பாகும். வேலை கூடக் கூட முன்பணமும் கூடும் அல்லவா? 'லாபம் வேறு, ரொக்கம் வேறு' என்பதை நிதிப் பாடம் முதல் சில வாரங்களிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நம்மவர்கள் பலர் ஒரு லாரியை இழந்த பிறகு இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று செயல்முறை நிர்வாகம். கிடங்கில் மூன்று கட்டங்கள். இறக்குவது மணிக்கு 40 பலகை, சரிபார்ப்பது மணிக்கு 25, அடுக்குவது மணிக்கு 35. வேலை தாமதமாகிறது என்று நிர்வாகம் இன்னொரு போர்க்லிப்ட் வாங்கி இறக்கும் இடத்தில் நிறுத்துகிறது. என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சரிபார்க்கும் மேசைக்கு முன்னால் குவியல் உயரும், அவ்வளவுதான். எந்தக் கட்டம் மிக மெதுவோ, மொத்தக் கிடங்கின் வேகமும் அதுவே. நம் மேற்பார்வையாளருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கூட்டத்தில் இதைச் சொல்லியும் இருப்பார். ஆனால் எண்களோடு ஒரு பக்கத்தில் எழுதி, இத்தனை வெள்ளி மிச்சம் என்று காட்டியிருக்க மாட்டார். காட்டியவரின் பேச்சு எடுபட்டிருக்கும். எம்.பி.ஏ.வின் உண்மையான பயன் எது என்று கேட்டால், இப்படித் தெரிந்ததை மேலிடத்துக்குப் புரியும் மொழியில் சொல்லப் பழக்குவதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்த மொழி ஆங்கிலம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு பாடத்திற்கும் பல ஆயிரம் சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். எங்கிருந்து எடுத்தோம் என்று சான்று காட்ட வேண்டும். பிறர் எழுத்தை அப்படியே எடுத்தால் கணினியே காட்டிக் கொடுத்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் வகுப்பில் வாய்மொழியாக விளக்கச் சொல்லும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பேச்சு ஆங்கிலம் சரளமாக வருகிறவருக்கும் கட்டுரை ஆங்கிலம் வேறு. சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே வாரம் ஒரு பக்கம் எழுதிப் பழகுவது, சேர்ந்த பிறகு திணறுவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது நேரம். இங்கே ஓர் எளிய கணக்கு இருக்கிறது. எந்தத் தகவல் மையமும் வலியச் சொல்லாத கணக்கு. மலேசியாவில் பாடம் பயின்று முடிக்கும் முதுகலைப் பட்டத்திற்குக் குறைந்தது 40 கிரெடிட் தேவை. ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, தேர்வு ஆயத்தம் எல்லாம் இதில் அடக்கம். ஆக மொத்தம் 1,600 மணி நேரம். பகுதிநேரமாக இரண்டு ஆண்டில் முடிப்பதென்றால், 104 வாரத்தில் வகுக்க, வாரத்திற்கு ஏறக்குறைய 15 மணி நேரம் வருகிறது. இரண்டு மாலை வகுப்புக்கு ஆறு மணி நேரம் போனாலும், வீட்டில் இன்னும் ஒன்பது மணி நேரம் புத்தகத்தோடு உட்கார வேண்டும். தீபாவளி வாரமும் தைப்பூச வாரமும் இதில் சேர்த்திதான்.

இதே கணக்கு இன்னொரு வேலையும் செய்யும். 'ஆறே மாதத்தில் எம்.பி.ஏ., தேர்வு இல்லை, வேலையை விட வேண்டியதில்லை' என்று ஒருவர் வருகிறார். 1,600-ஐ 26 வாரத்தில் வகுத்துப் பாருங்கள். வாரத்திற்கு 61 மணி நேரத்திற்கும் மேல். பகலில் வேலைக்குப் போகிறவரால் இது முடியுமா? முடியாது என்றால் அவர் எதை விற்கிறார்? விலை கொடுத்து வாங்கிய 'டாக்டர்' பட்டங்களைத் திருமண அழைப்பிதழில் போட்டு மகிழும் பழக்கம் நம் சமுதாயத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அந்த வரிசையில் எம்.பி.ஏ.வையும் சேர்க்க வேண்டியதில்லை.

சரிபார்ப்பது கடினமல்ல. உயர்கல்விக்கூடங்களின் தரத்தைக் கவனிப்பது எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமை. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், முன்பிருந்த லான் அமைப்பின் இடத்தில் வந்தது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை அதன் அகப்பக்கத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. விளம்பரத்தில் உள்ள அதே படிப்பு, அதே பெயரில், நீங்கள் படிக்கப் போகும் அதே வளாகத்திற்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'தற்காலிக அங்கீகாரம்' என்று இருந்தால் படிப்பைத் தொடங்கி நடத்த அனுமதி உண்டு என்று பொருள். முழு அங்கீகாரம் அதற்குப் பிறகு, மாணவர்கள் படித்து முடிக்கும் கட்டத்தில் ஆய்வு செய்து தரப்படுவது. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் தங்கள் துறையிலும் ஒரு வார்த்தை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. ஏ.ஏ.சி.எஸ்.பி., ஆம்பா, எக்விஸ் என்ற மூன்று அனைத்துலக அங்கீகாரங்களும் உண்டு. 1916-இல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.ஏ.சி.எஸ்.பி.யின் முத்திரை நம் நாட்டுக் கல்விக்கூடங்கள் சிலவற்றிடமும் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை தேடும் எண்ணம் உள்ளவருக்கு அது உதவும். கிள்ளானிலேயே இருக்கப் போகிறவருக்கு எம்.கியூ.ஏ. பதிவு இருந்தால் போதும்.

எங்கே படிப்பது என்பதில் இன்று தேர்வு அதிகம். மலாயாப் பல்கலைக்கழகம் முதல் சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகம் வரை அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கம். செமினியில் நாட்டிங்ஹம் போன்ற வெளிநாட்டுக் கிளை வளாகங்கள் இன்னொரு பக்கம். பேங்க் நெகாரா, எம்.ஐ.டி. ஸ்லோனுடன் சேர்ந்து 2015-இல் நிறுவிய ஏசியா ஸ்கூல் ஆஃப் பிஸ்னஸ் தனி ரகம். வேலைக்குப் போய்க்கொண்டே தொலைவிலிருந்து படிக்க மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பினாங்கின் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை. உலகின் முன்னணிப் பள்ளிகளுக்கு ஜிமேட் தேர்வு கேட்பார்கள். 2024 முதல் அது இரண்டே கால் மணி நேரத் தேர்வு, மதிப்பெண் 205 முதல் 805 வரை. உள்ளூர்ப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவைப்படாது.

இளங்கலைப் பட்டம் உள்ளவர்களுக்கு நுழைவு எளிது. பொதுவாக சி.ஜி.பி.ஏ. 2.50 பார்ப்பார்கள். அதற்குக் கீழ் என்றால் பணி அனுபவத்தை எடைபோடுவார்கள். பட்டம் இல்லாதவருக்குத்தான் 'ஏப்பல்' என்ற வாசல். அனுபவத்தின் வழி கற்றதை மதிப்பிட்டு இடம் கொடுக்கும் திட்டம் அது. முதுகலைக்கு இந்த வழியில் போக வயது 30 ஆகியிருக்க வேண்டும். எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா போன்ற தகுதி வேண்டும். துறை சார்ந்த அனுபவம் வேண்டும். தகுதித் தேர்வு ஒன்று, அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டும் கோப்பு ஒன்று, அதோடு நேர்காணல். இந்தக் கோப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'பதினான்கு ஆண்டு வேலை செய்தேன்' என்பது கோப்பு ஆகாது. எத்தனை பேரை மேய்த்தேன், எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தேன், அதற்கு ஆதாரம் எங்கே என்று காட்ட வேண்டும். பழைய பணிமதிப்பீட்டு அறிக்கை, பயிற்சிச் சான்றிதழ், தாமே தயாரித்த வேலை அட்டவணை என்று எல்லாமே உதவும். இதையெல்லாம் பத்திரப்படுத்தும் பழக்கம் நம்மிடம் குறைவு.

விளம்பரம் சொல்லாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. இளங்கலை இல்லாமல் முதுகலை வாங்கியவரிடம் பின்னாளில் 'இளங்கலை எங்கே?' என்று கேட்கும் நிறுவனங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஏப்பல் என்பது நம் நாட்டு ஏற்பாடு. எல்லையைத் தாண்டினால் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஏப்பல் வழியாகவே இளங்கலைக்கும் போகலாம், அதற்கு வயது 21 போதும். ஆனால் இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது 4,800 மணி நேரம். டிப்ளோமாவுக்கும் அனுபவத்திற்கும் சில பாடங்களைத் தள்ளிக் கொடுப்பார்கள் என்றாலும் நீண்ட பாதைதான். 36 வயதில் எதைத் தேர்வது என்பது, அந்தப் பட்டத்தை எங்கே கொண்டு போய்க் காட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

இப்போது காசு விவகாரம். மலேசியாவில் எம்.பி.ஏ. கட்டணம் இருபதாயிரம் வெள்ளிக்குக் கீழும் உண்டு, ஐம்பதாயிரத்தைத் தாண்டியும் உண்டு. நம் மேற்பார்வையாளருக்குச் சொல்லப்பட்டது 24,000. ஆனால் அவருடைய செலவு அது மட்டுமல்ல. அடிப்படைச் சம்பளம் 3,800, ஓ.டி. மாதம் 400. மாலை வகுப்பு என்றால் ஓ.டி. போய்விடும். இரண்டு ஆண்டில் 9,600 வெள்ளி. பெட்ரோல், டோல், புத்தகம், அச்சுப்படி என்று மாதம் 150 வைத்தால் 3,600. ஆக மொத்தம் 37,200 வெள்ளி. நிர்வாகி பதவி கிடைத்து மாதம் 600 வெள்ளி கூடினால், ஆண்டுக்கு 7,200. போட்ட பணம் திரும்ப ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். சம்பளம் 300 மட்டும் கூடினால் பத்து ஆண்டைத் தாண்டும். ஒன்றும் கூடாவிட்டால் கணக்கே இல்லை. அவர் மனைவி முதல் நாள் இரவு கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

உண்மையில் இதைவிடவும் சற்று மோசம். ஐந்து ஆண்டு கழித்து வரும் ஆயிரம் வெள்ளி, இன்றைய ஆயிரம் வெள்ளி அல்ல. நான்கு விழுக்காடு வட்டி என்று வைத்தால், இன்று 822 வெள்ளியைப் போட்டு வைத்தாலே அன்று ஆயிரமாகிவிடும். ஆகவே அந்த எதிர்கால ஆயிரத்தின் இன்றைய மதிப்பு 822தான். எம்.பி.ஏ. நிதிப் பாடத்தில் தவறாமல் வரும் கணக்கு இது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கை அறிந்துகொள்வதற்கு முன்பே மாணவர்கள் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

ஊழியர் சேமநிதியிலிருந்து எடுப்பதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2024 மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, கல்விக்கான பணத்தை 'செஜாத்ரா' கணக்கிலிருந்து எடுக்கலாம். வட்டி கட்ட வேண்டியதில்லை, யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உண்மைதான். ஆனால் சேமநிதி 2023-க்கு 5.5 விழுக்காடும் 2024-க்கு 6.3 விழுக்காடும் லாப ஈவு கொடுத்தது. 24,000 வெள்ளியை எடுக்காமல் விட்டு, ஆண்டுக்கு 5.5 விழுக்காடு கிடைத்தால், இருபது ஆண்டில் அது ஏறத்தாழ 70,000 ஆகும். 56 வயதில் கையில் இருந்திருக்க வேண்டிய பணம் அது. எடுக்கவே கூடாது என்பதல்ல. எடுப்பது 24,000 அல்ல, அந்த 70,000 என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

வருமான வரியில் சுயகல்விக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. முதுகலைக்கு எந்தத் துறையானாலும் பொருந்தும். ஆனால் 7,000 வெள்ளி திரும்பக் கிடைக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து அந்தத் தொகையைக் கழிப்பார்கள். அந்த வருமானம் 35,000-க்கும் 50,000-க்கும் இடைப்பட்ட படியில் வரி 6 விழுக்காடு. முழுக் கழிவும் அந்தப் படியிலேயே விழுந்தாலும் மிஞ்சுவது 420 வெள்ளி. அதற்காக ரசீதை வீசிவிட வேண்டாம், ஏழாண்டு பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கவும் வேண்டாம். கம்பெனியே கட்டணம் கட்டுகிறது என்றால் அதிர்ஷ்டம். கூடவே எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரிகளைப் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, படிக்கவே வேண்டாம் என்று தோன்றலாம். அப்படியல்ல. கணக்கில் வராத லாபம் ஒன்று உண்டு. வகுப்பில் பக்கத்தில் அமர்பவர் வங்கி அதிகாரியாக இருக்கலாம், மருத்துவமனை தாதியாக இருக்கலாம், தொழிற்சாலைப் பொறியியலாளராக இருக்கலாம். சீனர், மலாய்க்காரர், வெளிநாட்டினர் என்று குழுவாகச் சேர்ந்து ஒரு கட்டுரையை இரவு பன்னிரண்டு மணிக்கு முடிக்கும்போது உண்டாகும் பழக்கம், பின்னால் வேலைக்கும் தொழிலுக்கும் கதவு திறக்கும். நம்மவர்கள் அங்கேயும் நம்மவர்களோடே குழு சேர்ந்துகொள்வது இயல்பு. அது அந்த லாபத்தைப் பாதியாக்கிவிடும்.

ஆய்வுத் திட்டத்திற்குத் தலைப்புத் தேடும்போதும் எல்லோரும் ஒரு வெள்ளிக்கு விற்கப்பட்ட ஏர் ஏசியா கதைக்கே ஓடுகிறார்கள். 2001-இல் நடந்த அது நல்ல பாடம்தான். நம் கையருகே இன்னொன்று இருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பால்மரத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பங்குப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. முதலீடு எப்படித் திரட்டப்பட்டது, நம்பிக்கை எப்படி உண்டாக்கப்பட்டது, சம்பளத்திற்கு வேலை செய்தவர்களே பங்குதாரர்கள் ஆனபோது நிர்வாகம் எப்படி மாறியது என்றெல்லாம் ஆராய்ந்தால், எந்த மேசையிலும் மதிப்புப் பெறும் ஆய்வு அது.

மேற்பார்வையாளர் மறுவாரம் மனிதவளப் பிரிவுக்குப் போனார். இரண்டே கேள்விகள். நிர்வாகி பதவிக்கு எந்தப் பட்டம் வேண்டும்? ஏப்பல் வழியாக வாங்கிய எம்.பி.ஏ.வை ஏற்பார்களா? பட்டம் ஒன்று இருந்தால் போதும், எம்.கியூ.ஏ. பதிவில் இருக்க வேண்டும், எந்த வழியில் சேர்ந்தீர்கள் என்று பார்ப்பதில்லை என்று பதில் வந்தது. அதை மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். பதவி கட்டாயம் கிடைக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை, அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஷா ஆலாமில் புதிய கிடங்கு அடுத்த ஆண்டு திறக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

வீட்டில் மறுபடி கணக்குப் போட்டார்கள். சேமநிதியைத் தொடுவதில்லை. கட்டணத்தை தவணை தவணையாகக் கட்டுவது. அதற்காகத் தொலைக்கல்விப் படிப்பை எடுத்து, ஓ.டி.யில் பாதியைக் காப்பாற்றிக்கொள்வது. இரண்டு ஆண்டு என்பது இரண்டரை ஆண்டாகும், ஆகட்டும். இந்த ஆண்டு முழுதும் அனுபவக் கோப்புக்கும் ஆங்கிலக் கட்டுரைக்கும்.

“வியாழக்கிழமை ராத்திரி பிள்ளைய டியூஷன்ல இருந்து யாரு கூட்டிட்டு வர்றது?” என்று கேட்டார் மனைவி.

“உங்க அண்ணன்கிட்ட கேட்டுப் பாக்கிறேன். மச்சானுக்கு அந்தப் பக்கம்தானே வேலை.”

“அண்ணன வேணாம். நானே மோட்டார் லைசன்ஸ் எடுத்துடறேன். இந்த வருஷம்தான் இருக்கே.”